அந்த 'வர்க்கம்' எங்கே போனது?

மதிப்பிற்குரிய கணித வினாத்தாள் குழுவினருக்கு,

வணக்கம். எந்தக் கணக்கைப் பற்றி எழுதுகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். 'உத்திரம் தாங்கும் எடை அதன் அகலம், உயரம் ஆகியவற்றுக்கு நேர் விகிதத்திலும் நீளத்துக்கு எதிர் விகிதத்திலும் மாறும்' என்று அச்சிட்டிருந்தீர்கள். அகலம் 4 செ.மீ., உயரம் 6 செ.மீ., நீளம் 2 மீட்டர் என்றால் 360 கிலோ. அகலம் 5 செ.மீ., உயரம் 8 செ.மீ., நீளம் 400 செ.மீ. என்றால் எவ்வளவு?

அச்சில் இருப்பதை நம்பிய பிள்ளை என்ன செய்யும்? 4 × 6 ÷ 2 = 12. 360ஐ 12ஆல் வகுத்தால் மாறிலி, அதாவது இரண்டு உத்திரங்களுக்கும் பொதுவான பெருக்கெண், 30. அடுத்து 5 × 8 ÷ 4 = 10; விடை 300 கிலோ. இதில் பிழை ஏதுமில்லை. உங்கள் விடைக்குறிப்போ 400 என்கிறது. உயரத்தின் வர்க்கத்தை எடுத்தால்தான் அது வரும்: 4 × 36 ÷ 2 = 72, மாறிலி 5; பிறகு 5 × 64 ÷ 4 = 80, அதன் ஐந்து மடங்கு 400. இயற்பியலில் வர்க்கம்தான் சரி, மறுக்கவில்லை. ஆனால் இது இயற்கணிதத் தேர்வு. எந்த அளவு, நேரா எதிரா, எத்தனையாம் அடுக்கு என்ற மூன்றையும் வினாவிலேயே எழுதுங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

மீட்டரும் சென்டிமீட்டரும் கலந்து வந்தது வேறு. நீளத்தை 400 என்றே போட்டால், உங்கள் வர்க்கத்தோடு சேர்த்தும் விடை 4 கிலோ. அப்படியோர் உத்திரத்தின் மேல் பூனைகூட யோசித்துத்தான் ஏறும். அலகு மாற்றத்தைச் சோதிப்பதுதான் நோக்கமென்றால் அதற்குத் தனி மதிப்பெண் வையுங்கள்.

மாறிலியைக் காணாமல், (5/4) × (8/6)² × (2/4) = 10/9 என்று விகிதமாகவே எழுதி 360ஐப் பெருக்கியவர்களுக்கும் படி மதிப்பெண் வெட்டப்பட்டிருக்கிறது. மாறிலி அடிபட்டுப் போகும் என்று புரிந்துகொண்டதற்கா இந்தத் தண்டனை? விடைக்குறிப்பில் இல்லாத வழியெல்லாம் தவறு என்றால், வகுப்பில் எதற்குக் கணக்கு நடத்துகிறோம், விடைக்குறிப்பையே மனப்பாடம் செய்ய வைத்துவிடலாமே.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். வினாவில் அடுக்கைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். இந்த முறை 300 என்று எழுதியவர்களுக்கும், விகித முறையில் 400 கண்டவர்களுக்கும் முழு மதிப்பெண் வழங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்