பூட்டிக் கிடக்கும் சேர்ச்சில் கடை வரட்டும்

ஆசிரியருக்கு,

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் தெரு முடிவில் இருக்கும் சேர்ச் பூட்டி மூன்று வருடமாகிறது. கதவில் பலகை அடித்திருக்கிறார்கள், கார் நிறுத்துமிடத்தின் தார் வெடித்துப் புல் முளைத்துவிட்டது, பனி கொட்டினால் அதன் முன்னால் வழித்துவிட ஆள் இல்லை. போன மாதம் அங்கே மாநகரசபையின் அறிவித்தல் பலகை வந்தது. வழிபாட்டுத் தலத்துக்கென்று ஒதுக்கிய காணியை அயலவருக்கான சிறு கடைகள் நடத்தக்கூடிய வலயமாக மாற்ற விண்ணப்பம் வந்திருக்கிறது, அதாவது எந்தக் காணியில் என்ன இருக்கலாம் என்று சொல்லும் ரொறன்ரோ வலயச் சட்டத்தில் ஐபிடபிள்யூ என்று இருப்பது சிஎல் ஆகும். ஒரு கிழமைக்குள் எதிர்ப்பு மனு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிட்டது. கையெழுத்து வைத்தவர்களில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள்தான், அதனால்தான் இதை ஆங்கிலப் பத்திரிகைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 74 வயது, கார் ஓட்டத் தெரியாது. ஊரில் ஒழுங்கை முடக்கிலேயே கடை இருந்தது, அரை றாத்தல் பாணும் கொஞ்சம் சீனியும் வாங்கப் போனால் நாலு பேருடன் கதைத்துவிட்டுத்தான் திரும்பி வருவார். இங்கே பால் முடிந்தால் நான் வேலையால் வரும்வரை இருக்க வேண்டும், கடைகள் இருக்கும் பிளாசா இரண்டு கிலோமீற்றர், மைனஸ் 15இல் பஸ்ஸுக்கு நின்று போய் வா என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வது? ஸ்காபரோவின் பல பகுதிகள் 1950களிலும் 60களிலும் வீட்டுக்கு ஒரு கார் இருக்கும் என்று நினைத்துக் கட்டியவை, உள்தெரு முழுக்க வீடு, கடையெல்லாம் பெரிய வீதியில். அந்த உள்தெருக்களில் வீடல்லாமல் இருப்பவை பள்ளிக்கூடம், பூங்கா, சேர்ச் மட்டும்தான். ஒரு வீட்டையும் இடிக்காமல் நடைதூரத்தில் கடை வரக்கூடிய இடம் எங்கள் பக்கத்தில் இந்தக் காணி ஒன்றுதான்.

மனுவில் முதலாவதாக எழுதியிருப்பது கும்பிட்ட இடத்தில் கடையா என்பது. எனக்கும் அது வலிக்கிற கேள்விதான். என் மகன் தமிழ் அகரம் படித்தது அந்த சேர்ச்சின் நிலக்கீழ் அறையில், சனிக்கிழமைகளில், ஒரு தமிழ் ஆசிரியை நடத்திய வகுப்பில். நாங்கள் சைவம் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் அறையைத் திறந்துவிட்டவர்கள் அங்கே சேர்ச் வாங்குகளில் இருந்த வயதான வெள்ளைக்காரச் சனம், அவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து கடைசியில் ஞாயிறு பூசைக்கு இருபது பேர்கூட வரவில்லை, கூரை திருத்தக் காசும் இல்லை. இது எங்கள் தெருவில் மட்டும் நடப்பதல்ல, கனடாவில் இருக்கும் ஏறக்குறைய 27,000 வழிபாட்டுக் கட்டடங்களில் 9,000 வரை பத்தாண்டுக்குள் மூடப்படலாம் என்று பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் நஷனல் டிரஸ்ட் அமைப்பு 2019 அளவில் கணக்குச் சொன்னது. இனி வழிபாட்டுக்குப் பயன்படாத கோவிலை இழிவல்லாத வேறு பயன்பாட்டுக்குக் கொடுக்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1222ஆவது பிரிவே இடம் கொடுக்கிறது. கியூபெக் நகரில் ஒரு பழைய தேவாலயத்துக்குள் சர்க்கஸ் பள்ளி நடக்கிறது, மொன்றியலில் சென்-ஜூட் தேவாலயம் உடற்பயிற்சி நிலையமானது. வழிபாடு நின்ற பிறகும் அந்தக் கட்டடங்களுக்குச் சனம் போய் வந்தது. யன்னல் உடைந்து, பின்பக்கம் பழைய மெத்தைகளைக் கொண்டுவந்து போடுகிற இடமாகிப்போன எங்கள் சேர்ச்சில் என்ன புனிதம் மிஞ்சியிருக்கிறது, சொல்லுங்கள்.

கார் நெரிசல் வரும் என்கிறார்கள். வரலாம், ஆனால் அந்தப் பெரிய தரிப்பிடம் ஒரு காலத்தில் ஞாயிறு காலைகளில் நிரம்பியதுதானே. அப்புறம் கஞ்சாக் கடை வந்துவிடும் என்ற பயம். அதைச் சும்மா தட்டிவிட மாட்டேன், ஏனென்றால் கஞ்சாக் கடைக்கு உரிமம் கொடுப்பது மாகாணம், வலயச் சட்டத்தால் அதை மட்டும் பிரித்துத் தடுக்க மாநகரசபைக்கு அதிகாரமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீற்றருக்குள் அப்படி ஒரு கடை வைக்க முடியாது, எங்கள் சேர்ச்சுக்கு நேர் எதிரே ஆரம்பப் பள்ளி இருக்கிறது.

மனுவைச் சுற்றவிடுகிறவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இப்படியான விண்ணப்பத்துக்குத் தபாலில் அறிவித்தல் என்றால், சட்டம் கேட்பது 120 மீற்றருக்குள் காணி வைத்திருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பத்தான். பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் மாணவர், இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள், பிள்ளைகளின் வீட்டில் இருக்கும் தாய் தகப்பன், இவர்களுக்குக் கடிதமும் வரவில்லை, மனுவை ஒருவரும் காட்டவுமில்லை. கடை பக்கத்தில் வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அதோடு, 2024 ஜூனில் வந்த மாகாணச் சட்டத்துக்குப் பிறகு, மாநகரசபை வலய மாற்றத்தை ஏற்றுக்கொண்டால் அயலவர் நாங்கள் ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்ய முடியாது. மறுத்தால் விண்ணப்பித்தவர் அங்கே மேன்முறையீடு செய்யலாம். ஆகவே எங்களுக்கு இருப்பது மாநகரசபை இதற்காக வைக்கும் பொதுக்கூட்டம் மட்டும்தான். அங்கே போய் 'வேண்டாம்' என்று ஒற்றைச் சொல் சொல்லிவிட்டு வந்தால், நாளைக்குக் கடை வரும்போது அதில் எங்கள் சொல் ஒன்றும் இருக்காது. நான் கேட்கப்போவது இதுதான்: காரிலிருந்தபடி வாங்கும் டிரைவ்-த்ரூ வேண்டாம், கடைகளின் அளவு சிறிதாக இருக்கட்டும், குப்பைத் தொட்டி மூடிய அறைக்குள் இருக்கட்டும், பின்வீட்டு வேலியோடு மரம் நடட்டும், பழைய மண்டபத்தில் ஓர் அறையையாவது சனிக்கிழமை வகுப்புக்கும் முதியோர் சந்திப்புக்கும் விடட்டும். கடைசியாகச் சொன்னதை வலயச் சட்டத்தில் எழுதிக் கட்டாயப்படுத்துவது கஷ்டம், ஆனால் கவுன்சிலரும் விண்ணப்பித்தவரும் ஒரே அறையில் இருக்கும்போது கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கையெழுத்து வைத்தவர்களில் என் சொந்தக்காரரும் இருக்கிறார்கள், அவர்களுடன் எனக்குக் கோபமில்லை. மனுவோடு நிற்காமல் கூட்டத்துக்கு வாருங்கள். வர முடியாதவர்கள் எழுதியும் அனுப்பலாம், ஆங்கிலம் கஷ்டமென்றால் மாநகரசபையின் 311ஐ அழைத்துத் தமிழில் கதைக்கலாம். அம்மா அன்றைக்கு என்னோடு வருகிறார், தானே எழும்பிச் சொல்லப்போவதை இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகி ஒருவர்