முன்னாள் படைவீரர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, முன்னாள் படைவீரர்களே, வீரர்களின் துணைவியரே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த தோழர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். மாதக் கூட்டங்களும் டிசம்பர் 7 கொடிநாள் பணியும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஆண்டு முழுவதும் சங்க அறையில் அதிகம் பேசப்பட்டது தூக்கத்தில் மூச்சுத் தடை, அதை ஒட்டி வரும் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான டிசபிலிட்டி பென்ஷன், அதாவது ஊன ஓய்வூதியம்தான். ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

நம்மிடம் வரும் மனுக்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் அடிபடுகின்றன. பணியிலிருந்து விடுவிக்கும்போது பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 படிவத்தில் ஒவ்வொரு நோய்க்கும் எதிரே இரண்டு கேள்விகள் உண்டு. பணியால் வந்ததா? பணியால் அதிகமானதா? இரண்டிலும் "இல்லை" என்று எழுதி, காரணக் கட்டத்தில் ஒரு வரி போட்டிருப்பார்கள்: "அமைதி நிலையத்தில் (களமல்லாத இடத்தில்) தொடங்கியது, களப்பணி, உயர்மலைப் பணியுடன் நெருங்கிய காலத் தொடர்பு இல்லை." மூச்சுத் தடை என்றால் "உடல் பருமன், வாழ்க்கை முறை" என்பது கூடவே வரும். நம்மவர்கள் பலர் இந்தத் தாளைக் கண்ணால் பார்க்காமலேயே, பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தை மட்டும் வைத்து மேல்முறையீடு எழுதிவிடுகிறார்கள். எத்தனை ஆண்டு உழைத்தோம் என்பதுதான் அதில் நிறைந்திருக்கும். அந்த உழைப்பு உண்மை. ஆனால் மேல்முறையீட்டுக் குழு எடைபோடுவது அந்த ஒரு வரிக் காரணத்தைத்தான்.

எனவே முதல் வேலை தாளை வாங்குவது. வெலிங்டன், பெங்களூரு, நாசிக், ஜபல்பூர் என உங்கள் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் எங்கிருந்தாலும், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். பதில் தர 30 நாள் கெடு. "என் மெடிக்கல் பேப்பர்" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பக்கம் மட்டும் வரும். நிபுணர் கருத்துடன் முழு ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16, சேர்ப்பின்போது நடந்த மருத்துவப் பரிசோதனை, மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவுகள், கேட்டகரி (மருத்துவத் தகுதி நிலை) மாற்றிய ஒவ்வொரு போர்டின் நடவடிக்கை, போஸ்டிங் விவரம் என்று தனித்தனியாக எண்ணிட்டுக் கேளுங்கள்.

தாள் வந்ததும் ஒரு அட்டவணை போடுகிறோம். இடப்புறம் தேதி, நடுவில் போஸ்டிங் இடம், அது களமா அமைதியா, வலப்புறம் அந்த ஆண்டின் மருத்துவப் பரிசோதனையில் பதிவான எடை. நோய் கண்டறிந்த தேதியில் சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே, அதாவது அதற்கு முந்தைய ஆண்டுகளில், எடை அளவுக்குள் இருந்தால் "பருமன்" என்ற காரணம் அங்கேயே உடைகிறது. எடை முன்பே கூடியிருந்து, குறைக்கச் சொன்ன பதிவும் இருந்தால் வழக்கு பலவீனமானது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை, அதே தாள் அவர்கள் கையிலும் இருக்கிறது. அப்போது "அதிகமானது" என்ற இரண்டாவது கேள்வியைப் பிடிக்க வேண்டும். பணியால் வந்தது, பணியால் அதிகமானது, இரண்டில் ஒன்று போதும். பென்ஷன் ஒன்றே.

தூக்கப் பரிசோதனை அறிக்கையின் எல்லாப் பக்கங்களும் வேண்டும். மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண் 5 முதல் 15க்குள் என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஒவ்வொரு அடைப்பிலும் ஆக்சிஜன் இறங்கி, மூளை பாதி விழித்து, ரத்த அழுத்தம் எகிறும். இரவெல்லாம் இது நடந்தால் பகலிலும் அழுத்தம் இறங்காது. எனவே எந்த நோய் முதலில் பதிவானது என்பதைத் தேதியோடு எழுதுங்கள். ஓய்வுக்குப் பின் தனியார் மருத்துவமனையில் எடுத்த அறிக்கை இன்றைய நிலையைக் காட்டும், ஆனால் பணிக்காலத்தில் தொடங்கியது என்பதை அது மட்டும் நிறுவாது.

நோய்கள் இரண்டு மூன்று இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே எதிர்க்க வேண்டும். போர்டு போடும் கூட்டுச் சதவீதம் வெறும் கூட்டல் அல்ல. ரத்த அழுத்தத்தை ஏற்று மூச்சுத் தடையை ஏற்காவிட்டால், ஏற்றதற்கான சதவீதம் மட்டுமே கணக்கில் வரும்.

சட்டத்தில் நமக்கு ஊன்றுகோல் 2013ஆம் ஆண்டின் தரம்வீர் சிங் தீர்ப்பு. சேரும்போது நோய் பற்றிய குறிப்பு இல்லையென்றால் வீரர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், பணிக்குத் தொடர்பில்லை என்றால் போர்டு காரணம் சொல்ல வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் சேரும்போது குறிப்பு இல்லை என்பதாலேயே எல்லா நோயும் பணியால் வந்ததாகிவிடாது என்று 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. முதல் தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டி, காரணக் கட்டத்துக்குப் பதில் எழுதாமல் விடும் மனுக்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

பணவிவரம். 100 சதவீத ஊனத்துக்கு டிசபிலிட்டி எலிமென்ட், அதாவது பென்ஷனில் ஊனத்துக்கான பகுதி, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தது 20 சதவீத ஊனம் வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2014 டிசம்பர் 10 ராம் அவதார் தீர்ப்புக்குப் பின், பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் 50க்குக் கீழ் உள்ளது 50ஆகவும், 50 முதல் 75 வரை 75ஆகவும், அதற்கு மேல் 100ஆகவும் உயரும். எடுத்துக்காட்டாகக் கணக்கில் வரும் சம்பளம் 50,000 ரூபாய், ஊனம் 30 சதவீதம் என்றால் மாதம் 4,500 அல்ல, 7,500. அகவிலை நிவாரணம் தனி. பி.பி.ஓ. என்ற பென்ஷன் வழங்கல் ஆணையில் இன்னும் பழைய சதவீதமே இருப்பவர்கள் ஸ்பீட் போஸ்ட்டில் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதுங்கள். தாமதிக்க வேண்டாம், நிலுவைத் தொகையைத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே தருகின்றன.

முதல் மேல்முறையீட்டுக்கு நிராகரிப்புக் கடிதத்திலிருந்து ஆறு மாதம், அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவதற்கு மேலும் ஆறு மாதம். மேல்முறையீடு அனுப்பி ஆறு மாதமாகியும் பதிலே இல்லையென்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நேரடியாக அணுகலாம். அதற்கும் ஆறு மாதக் கெடுதான். தாமதமானால் காரணம் சொல்லித் தனி மனு போட வேண்டும். தபால் ரசீதைத் தொலைத்தவருக்கு இந்தத் தேதிகளை நிரூபிக்க வழியில்லாமல் போகிறது. ரசீதைக் கடித நகலின் பின்புறத்திலேயே ஒட்டிவையுங்கள். வழக்கு நடக்கும்போது வீரர் காலமானால் துணைவியார் தொடரலாம். இந்த விஷயம் தெரியாமல் கோப்பை மூடி வைத்திருக்கும் வீடுகளுக்கு உறுப்பினர்கள் நேரில் சென்று சொல்ல வேண்டுகிறேன்.

2023 செப்டம்பர் 21 முதல் டிசபிலிட்டி பென்ஷனுக்குப் புதிய தகுதி விதிகள் நடைமுறையில் உள்ளன. அந்தத் தேதிக்குப் பின் ஓய்வு பெற்றவர்கள் பழைய மாதிரி மனுக்களை அப்படியே நகலெடுக்கக் கூடாது.

வரும் ஆண்டில் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு காலை 10 மணிக்கு மனு சரிபார்ப்பு நடத்த நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., நிராகரிப்புக் கடிதம் மூன்றின் நகலோடு வாருங்கள். இன்னும் பணியில் இருக்கும் உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்: குறட்டை, பகல் தூக்கம் இருந்தால் ரிலீஸ் போர்டு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே ராணுவ மருத்துவமனையில் பதிவு செய்யட்டும்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்