அந்த இணைப்பைத் திறக்க வழிசெய்யுங்கள்: பக் டிராக்கர் பராமரிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பராமரிப்புக் குழுவினருக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் கடல் வரைபடச் செயலியைத் தமிழில் சோதித்துச் சொல்பவர்களில் நானும் ஒருவன். செயலியின் பிழைகளைப் பதியும் உங்கள் பக் டிராக்கரில், பிழைப்பதிவுகளோடு சேர்த்த கோப்புகள், அதாவது இணைப்புகள், திறக்காமல் சுற்றுவது உங்களுக்குப் புதிய செய்தி இல்லை. போன வாரம் ஒரு பதிவை மூடினீர்களே, அதற்காகத்தான் இந்த மடல்.

அந்தப் பதிவு சொல்வது இது: செயலியின் புதிய பதிப்பில் தொண்டி, தனுஷ்கோடி என்ற பெயர்கள் உடைந்து தெரிகின்றன. கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து, புள்ளி வட்டம் ஒன்று வந்து நிற்கிறது. இதற்குத் திருத்தம் எழுதி, பேட்ச் கோப்பாக (நிரலில் மாற்ற வேண்டிய வரிகள் கொண்ட கோப்பு) அந்தப் பதிவில் சேர்த்தவர் தொண்டிக்காரத் தம்பி ஒருவர். வேலை கிடைத்து அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். அவருடைய பழைய லேப்டாப்பும் கைமாறிவிட்டது. அந்தத் திருத்தம் இப்போது இருக்கும் ஒரே இடம் உங்கள் சர்வர்தான். சுட்டியை அழுத்தினால் பக்கம் வருவதில்லை. குரோமும் ஃபயர்பாக்ஸும் 20 தடவை சுற்றிப் பார்த்துவிட்டுக் கைவிரிக்கின்றன.

குக்கீயை அழிக்கச் சொன்னீர்கள், அழித்தேன். குக்கீயே இல்லாமல், பிரவுசர் இன்றிப் பக்கத்தைக் கேட்கும் கர்ல் கட்டளையில் கேட்டாலும், 'வேறு முகவரிக்குப் போ' என்னும் 302 பதில்தான் வருகிறது. எங்கே போக வேண்டும் என்று சொல்லும் லொக்கேஷன் வரியில் நான் கேட்ட அதே எச்டிடிபிஎஸ் முகவரி! சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் பிராக்சி, கோரிக்கையை உள்ளே பாதுகாப்பில்லாத வெறும் எச்டிடிபியாகத் தள்ளினால் இப்படி ஆகும். பாதுகாப்பான முகவரிக்குப் போகச் சொல்லி சர்வர் திரும்பத் திரும்ப அனுப்பும். கோரிக்கை முதலில் எச்டிடிபிஎஸ்ஸில்தான் வந்தது என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ தலைப்பைப் பிராக்சி அனுப்புகிறதா, சர்வர் அதைப் படிக்கிறதா என்று பாருங்கள். இணைப்புகளைத் தனி டொமைனில் வைப்பது பாதுகாப்புக்குத்தான், அதை நான் குறை சொல்லவில்லை. அந்த டொமைனைச் சரிசெய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

'போதிய தகவல் இல்லை' என்று பதிவை மூடியிருக்கிறீர்கள். தகவல் முழுக்க அந்த இணைப்பில்தானே இருக்கிறது? தமிழுக்கு ஆள் வருவதில்லை என்று ஒவ்வொரு வெளியீட்டின்போதும் வருத்தப்படுகிறீர்கள். வந்த ஒருவருடைய உழைப்பைத் திறந்துகூடப் பார்க்க முடியாவிட்டால் அடுத்தவர் எதை நம்பி வருவார்? இரவில் பாக் நீரிணையில் படகோட்டுகிறவர்கள் இந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். ஊர்ப்பெயர் படிக்க வராதது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

சரி, நீங்களும் சம்பளம் வாங்காமல் பார்க்கும் வேலை இது என்று தெரியும். தயவுசெய்து இணைப்புச் சுட்டிகளைச் சரிசெய்யுங்கள். அதற்கு நாளாகும் என்றால், அந்த ஒரு பேட்சையாவது சர்வரிலிருந்து எடுத்து எனக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். மூடிய பதிவையும் மறுபடி திறந்து வையுங்கள். சோதித்து முடிவைச் சொல்வது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தன்னார்வலன்