சுவருக்குப் பூசுவது தரைக்குப் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திறந்தவெளி மரத்தளங்களுக்கும் மாடித் தரைகளுக்கும் வண்ணம் பூசுவது குறித்துத் தங்கள் நாளிதழின் வீட்டுப் பராமரிப்புப் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தூரிகையைக் கழுவி வைக்கும் முறை வரை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த கட்டுரையாளர், வெளிச்சுவருக்கு வாங்கிய பெயின்ட் மீந்தால் அதையே தரைக்கும் பூசிக்கொள்ளலாம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சுவரில் விழும் மழைநீர் வழிந்து போய்விடும். தரையில் விழுந்தது நிற்கும். உச்சிவெயில் சுவரைச் சாய்வாகத் தொடுகிறது. தரையிலோ நேராக இறங்குகிறது. போதாததற்கு மிதிபடுதல், நாற்காலி இழுபடுதல், காலணியோடு வந்த மணல் உரசுதல் எல்லாம் தரைக்கு மட்டுமே உரியவை. சுவரில் பல ஆண்டுகள் நின்ற பெயின்ட், தரையில் ஓரிரு மழைக்காலங்களிலேயே செதில் செதிலாகக் கிளம்பினால் அது பெயின்ட்டின் குற்றம் அன்று.

மரத்தளத்தில் இந்தத் தவறு இன்னும் ஆழமாகப் போகிறது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே படலமாகப் படிந்த பெயின்ட் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பலகைகளின் இணைப்பிலும் திருகாணிகளைச் சுற்றியும் மயிரிழை அளவுக்கு வெடிக்கிறது. அந்த வெடிப்பின் வழியே உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் காப்பதும் அதே படலம்தான். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைகளால் வளர முடியாது. பெயின்ட்டுக்கு அடியில் சிறைப்பட்ட ஈரம் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். மூன்று முறை பூசி, கண்ணாடி போல் பளபளத்த எங்கள் மரத்தளத்தில் ஒருநாள் திருப்புளியை வைத்து அழுத்திப் பார்த்தேன். விரலளவு உள்ளே இறங்கியது. மேற்பூச்சில் அதுவரை ஒரு கீறல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆகவே, கிடைமட்டமாக வெட்டவெளியில் கிடக்கும் மரத்துக்குப் படலம் கட்டாமல் உள்ளே ஊறிச் செல்லும், நிறமி கலந்த எண்ணெய்ப் பூச்சே ஏற்றது என்பது என் கருத்து. நிறமி இல்லாத வெற்று எண்ணெய் புற ஊதாக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது. ஊறும் பூச்சு உரிவதில்லை, தேய்கிறது. ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டியிருக்கும் என்றாலும், பழையதைச் சுரண்டி எடுக்கும் தண்டனை இல்லை. எப்போது பூசுவது என்பதற்கு நாள்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. பலகையின் மீது சிறிது தண்ணீர் தெளித்தால், அது முத்து முத்தாக நின்றால் காத்திருக்கலாம். ஊறிப் போனால் பூசும் வேளை வந்துவிட்டது. தாராளமாகப் பூசினால் நீடிக்கும் என்ற எண்ணம் மட்டும் இங்கே செல்லாது. மரம் குடிக்காமல் மேலே மிஞ்சியதைத் துணியால் துடைத்தெடுக்காவிட்டால் அதுவும் பிசுபிசுத்த படலமாகவே மாறும்.

பூசுவதற்கு முன், வெயிலில் சாம்பல் பூத்த மேற்பரப்பை 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் தேய்த்து நீக்க வேண்டும். நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினை வெயில் சிதைத்திருப்பதால், அந்தத் தளர்ந்த நார்களின் மேல் எதைப் பூசினாலும் நார்களோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். உயர் அழுத்தத் தண்ணீர்ப் பீய்ச்சியை மிக அருகில் பிடித்துக் கழுவுவோர் நல்ல நார்களையும் கிழித்துவிடுகிறார்கள். பலகையின் வெட்டுமுனைகள் பக்கங்களைக் காட்டிலும் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சுபவை; அங்கே இரண்டு முறை பூசுவதற்குச் சோம்பக் கூடாது.

கான்கிரீட் தளத்துக்கு உளுக்கும் அச்சம் இல்லை. ஆனால் புதுத் தளத்தை 28 நாட்களாவது விட்டுவைக்க வேண்டும். அதன் பிறகும், சுமார் 45 சென்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரங்களிலும் ஒட்டி 16 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பது நல்லது. அடியில் வியர்த்திருந்தால் பூசக் கூடாது. வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கும் தளமாக இருந்தால் பெயின்ட்காரருக்கு முன்னால் கொத்தனாரை அழைக்க வேண்டும். தரைக்கென்றே வரும் பெயின்ட்டிலும் நுண்மணல் சேர்க்காவிட்டால் நனைந்த நேரத்தில் வழுக்கும்.

கட்டுரையாளர் குறிப்பிடத் தவறிய இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆளி விதை எண்ணெய் போன்றவை கலந்த பூச்சைத் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் குவித்து வைத்தால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து உலரும்போது எழும் வெப்பம் உள்ளேயே தேங்கி, நெருப்புக் காட்டாமலே அவை தீப்பற்றக்கூடும். அவற்றைத் தனித்தனியாக விரித்துக் காயப்போட வேண்டும். அல்லது தண்ணீரில் மூழ்கவைத்து மூடிய உலோகக் கலத்தில் போட வேண்டும். என் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், இந்தப் பத்தியை மட்டும் விட்டுவிடாமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்