செக் எஞ்சின் லைட்டும் செக்கிங் சார்ஜும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நம்ம ஒர்க்‌ஷாப்பைப் பற்றி ஒரு வாய்ஸ் மெசேஜ் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை குரூப்புகளில் சுற்றுகிறது. செக் எஞ்சின் லைட் எரிந்தால், ஸ்கேனரைச் சொருகி ரெண்டு நிமிஷத்தில் கோளாறு தெரிந்துவிடுமாம், நாங்கள் வேண்டுமென்றே ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்திவைத்து, பிளக்கைக்கூட மாற்றாமல் துட்டு வாங்குகிறோமாம். அந்தப் பிளக் பேச்சுதான் மனசை அறுக்கிறது. பிளக் நன்றாக இருந்தது, அதனால் மாற்றவில்லை. நன்றாக இருக்கிற பிளக்கையும், அதற்குக் கரண்ட் கொடுக்கிற காயிலையும் மாற்றிவிட்டு பில் போடுவது எங்களுக்கும் லேசான வேலைதான், ஆனால் மறுவாரம் வண்டி திரும்பவும் மிஸ் அடிக்கும், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் எஞ்சின் விக்கும்.

ஸ்கேனரில் பி0302 என்ற கோளாறு எண் வந்தால் இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று மட்டும்தான் அர்த்தம், ஏன் என்று அது சொல்லாது. அந்தக் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓட்டுவோம். அந்த எண் பி0303-க்கு மாறினால் காயில்தான் காரணம், வேலை முடிந்தது. பி0300 வந்து, மிஸ் சிலிண்டர் சிலிண்டராக மாறி அடித்தால்தான் சிக்கல், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும். புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்புகிற இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்து மூடாமல் நின்றாலும் ஐடிலிங்கில் இப்படித்தான் ஆடும், வேகம் எடுத்தால் சரியாகிவிடும்.

பெட்ரோல் வண்டி என்றால் பர்ஜ் வால்வையும் பார்த்தே ஆக வேண்டும். டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியை கரி டப்பாவிலிருந்து எஞ்சினுக்கு அனுப்புகிற சின்ன வால்வு அது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, காலையில் முதல் ஸ்டார்ட்டில், டப்பா பக்கத்து ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வைத்தால் இழுக்கக் கூடாது. இழுத்தால் வால்வு மூடவில்லை. சூடான இன்ஜினில் அது திறப்பது இயல்பு என்பதால் அப்போது பார்த்துப் பிரயோஜனமில்லை. வண்டியை ராத்திரி நிறுத்தச் சொல்வது இதற்குத்தான்.

செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினால் தயவுசெய்து ஓட்டி வராதீர்கள், போன் பண்ணுங்கள். மிஸ் கடுமையாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பாகமே உருகிவிடும். அதில் பிளாட்டினமும் பல்லேடியமும் இருக்கிறது, விலை உங்களுக்கே தெரியும். அதைக் கழற்றி வெறும் பைப் மாட்டச் சொல்கிறவர்களுக்கு அந்த வேலையை நாங்கள் செய்வதில்லை.

அம்பை, சேரன்மகாதேவி, நாங்குநேரியிலிருந்து வழியில் எத்தனையோ ஒர்க்‌ஷாப் இருந்தும் நம்மைத் தேடி வருகிறீர்கள். அந்த மெசேஜைக் கேட்டதும் போன் போட்டு எங்களுக்காகப் பேசியவர்களை மறக்க மாட்டோம், ரொம்ப நன்றி. செக்கிங் சார்ஜ் வரும் மாதம் முதல் 900 ரூபாய்.

வண்டியைச் சாயங்காலமே விட்டுவிடுங்கள். பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், பர்ஜ் வால்வு மூடாமல் நிற்பதற்கு அது ஒரு அடையாளம், பாதி வேலை அதிலேயே முடியும்.