பஸ் தரிப்பிடத்தை மறிக்கும் சினோ (பனி) வரம்பை அகற்றித் தரக் கோரும் மனு

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
வீதிப் பராமரிப்புப் பிரிவு, மாநகரசபை.

மதிப்புக்குரிய ஐயா,

சென்ற குளிர்காலத்திலும் இந்தக் குளிர்காலத்திலும் தொலைபேசியிலும் இணையத்திலும் முறைப்பாடு செய்தோம். முறைப்பாட்டு இலக்கம் வந்தது, ஆள் வரவில்லை. எங்கள் முதியோர் குடியிருப்பிலுள்ள பெரியவர்களும் வாசித்துக் கையெழுத்திட வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறோம். இடம் தாங்கள் அறிந்ததுதான்: மருந்துக்கடைக்கு எதிரே, சந்தியிலிருந்து இறங்கும் சரிவிலுள்ள தரிப்பிடம்.

1. வீதியை வழிக்கும் வாகனம் சினோவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போகிறது. தரிப்பிடத்துக்கும் வீதிக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு வரம்பு எழும்பிவிடுகிறது. இரவில் உறைந்து காலையில் கல்லாகிவிடும். வீட்டிலுள்ள சினோ அள்ளும் சவளால் குத்தினால் சவள்தான் வளைகிறது.

2. என் அம்மாவுக்கு வயது 78. நாலு சில்லு வோக்கரைத் தள்ளிக்கொண்டுதான் நடக்கிறார். வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ். பஸ் வந்து நிற்கும், சாரதி சாய்தளத்தை இறக்குவார், அது வரம்பில் முட்டிப் பாதியில் நின்றுவிடும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா பக்கத்து வீட்டு வாகன வாசல் வரை நடந்து, அங்கே வீதியில் இறங்கி, ஓடும் கார்களுக்குப் பக்கத்தால் பஸ்ஸின் கதவுக்குத் திரும்பி வரவேண்டும். பிந்திப் போனால் அன்றைய சிகிச்சை நேரம் குறைகிறது. இரவில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஒருநாள் வோக்கரின் முன்சில்லு வரம்பில் செருகி முன்னுக்குச் சரிந்தவரைப் பிடித்தது முன்பின் தெரியாத ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தப் பிள்ளை அன்று அங்கே நிற்காவிட்டால்? சொல்லுங்கள் ஐயா.

3. தொலைபேசி எடுத்தவர் பட்ஜெட் இல்லை என்றார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் நெல்சன் நகரில் 2015 ஜனவரியில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். பேக்கர் வீதியில் கார் நிறுத்துமிடங்களை வழித்த நகரசபை, சினோவை நடைபாதை ஓரமாக நீளத்துக்குக் குவித்தது. கடந்துபோக இடைவெளி விடவில்லை. அதைக் கடக்கப் போன பெண் ஒருவர் கால் புதைந்து கடுமையாகக் காயப்பட்டார். சினோ அகற்றுவது எங்கள் கொள்கை முடிவு, அதற்கு எங்கள்மீது வழக்குப் போட முடியாது என்று நகரசபை வாதாடியது. 2021 அக்டோபரில் கனடா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அடிப்படைக் கொள்கை முடிவுகளில் நீதிமன்றம் கைவைக்காமல் இருப்பது அதிகாரப் பிரிவினை, அதாவது ஆட்சி செய்பவர்களின் வேலையில் நீதிமன்றம் தலையிடக்கூடாது, என்ற அரசியலமைப்புக் காரணத்துக்காக. நடந்துபோக வழி விடாமல் சினோவைக் குவித்தது அந்த வகைக்குள் வராது, பட்ஜெட்டைக் காட்டினால் மட்டும் அது கொள்கை முடிவாகிவிடாது என்று சொல்லி, வழக்கை மீண்டும் விசாரிக்க வைத்தது. எங்கள் தரிப்பிடத்தில் கிடப்பதும் அதே வரம்புதான். நாங்கள் வழக்குப் போட எழுதவில்லை. வழி கேட்டுத்தான் எழுதுகிறோம்.

4. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் குறைந்தபட்ச வீதிப் பராமரிப்பு விதிகளின்படி, சினோ கொட்டி முடிந்து 48 மணிநேரத்துக்குள் நடைபாதையில் அதை 8 சென்ரிமீற்றருக்குக் குறைத்து, 1 மீற்றர் அகலமாவது விடவேண்டும். சரி, நடைபாதையை வழிக்கிறீர்கள். ஆனால் அதிலிருந்து பஸ்ஸில் ஏற முடியாவிட்டால் அந்த 1 மீற்றரால் அம்மாவுக்கு என்ன பயன்? நடைபாதைச் சினோவில் விழுந்தவர் 10 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், சபையின் கடும் கவனயீனத்தையும் நிரூபிக்க வேண்டும் என்கிறது சட்டம். நாங்கள் விழ முன்னமே அறிவித்துக்கொண்டிருக்கிறோம். இத்தனை தடவை சொல்லியும் அப்படியே விட்டுவைப்பதற்கு வேறு என்ன பெயர்?

5. மாற்றுத்திறனாளிகளுக்கு 2025 ஜனவரி 1க்குள் ஒன்ராறியோவில் தடைகள் இருக்கக்கூடாது என்று 2005இலேயே சட்டம் போட்டார்கள். அந்தத் திகதியும் போய்விட்டது.

6. தயவுசெய்து வழி வெட்டித் தாருங்கள்.

வாகனம் வழித்துப்போன அதே நாளில், சாய்தளம் இறங்கும் அளவுக்கு வரம்பை வெட்டி, வெட்டியதை அள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள். தரிப்பிடத்தின் இரண்டு பக்கத்திலும் குவித்துவிட்டால் பழையபடிதான். உப்பும் போடவேண்டும். பொறுப்பான ஒருவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுத்தில் தாருங்கள். அடுத்த சினோவுக்கு முன் ஒரு காலை நேரம் தாங்களே நேரில் வந்து பார்க்கும்படி மீண்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்பாளர்கள் சார்பில்,
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)