மூட்டை எங்கலே போச்சு?

ஏலே அம்பாசமுத்திரத்தான்,

மூணு மாசமா பேச்சு மூச்சு இல்லை. திடீர்னு ஒரு ஃபைலை அனுப்பி "என்னன்னு பாரு"ங்குத. சுகமான்னு ஒரு வார்த்தை கேட்டா முத்தா உதிர்ந்துரும்? இங்க எல்லாரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டுவலி தேவலையா?

விஷயத்துக்கு வாரேன். மில்லுல ஏத்தின மூட்டை நம்பர் ஒரு லிஸ்ட், குடோன்ல இறங்கின நம்பர் ஒரு லிஸ்ட். ரெண்டையும் ஒத்துப் பாத்து, வராத மூட்டை எதுன்னு சொல்லணும். அதுக்கு நீ பைத்தான் மொழியில எழுதின புரோகிராமை மூணே நம்பர்ல ஓட்டிப் பாத்தேன். ஏத்தினது 101, 102, 103. இறங்கினது 103, 101, 105. வராதது 102 மட்டுந்தான். உன் புரோகிராம் ஏழு தடவை "வரலை"ங்குது! லூப்புன்னா திரும்பத் திரும்ப ஓடுத பகுதி; வெளி லூப்பு ஏத்தின நம்பரை ஒவ்வொண்ணா எடுக்கும், உள் லூப்பு அதை இறங்கின லிஸ்டோட ஒத்துப் பாக்கும். நீ உள் லூப்புல ஒவ்வொரு நம்பரா ஒத்துப் பாக்கும்போதே, பொருந்தலைன்னா எல்ஸ்ல "வரலை"ன்னு எழுதிருத. ஒப்பீடு ஒம்பது, பொருந்தினது ரெண்டு, மிச்சம் ஏழு. முதல் பந்தியில ஆளைக் காணோம்னதும் "மாமா கல்யாணத்துக்கே வரலை"ன்னு ஊரைக் கூட்டினவன்தானே நீ!

"இருக்கு"ன்னு கண்ட உடனே சொல்லிரலாம். "இல்லை"ன்னு சொல்லணும்னா லிஸ்ட் முடியணும். அதனால வெளி லூப்புக்குள்ள, உள் லூப்புக்கு முன்னால, "கிடைச்சுதா"ன்னு ஒரு வேரியபிளை (மதிப்பை வச்சுக்கிடுத பேரு) ஃபால்ஸ்னு, அதாவது "இல்லை"ன்னு வை. பொருந்தினா ட்ரூ, அதாவது "ஆமா" ஆக்கிட்டு, பிரேக் போட்டு உள் லூப்பை அங்கனயே நிறுத்து. உள் லூப் முடிஞ்ச பொறவுதான் அதைப் பாத்து "வரலை"ன்னு அச்சடி. அந்த ஃபால்ஸை ரெண்டு லூப்புக்கும் வெளியே மேல வச்சிராத. 101 கிடைச்சு ஒருக்க ட்ரூ ஆயிட்டுன்னா அப்படியே நிக்கும், 102-ம் வந்தாச்சும்பான். எல்ஸை இஃப்புக்கு நேரா வைக்காம உள் ஃபாருக்கு (உள் லூப்பைத் தொடங்குத வரி) நேரா வச்சாலும் சரி. பிரேக் ஆகாம லூப் முடிஞ்சாத்தான் பைத்தான் அங்க போகும்.

இப்பம் விளையாட்டு இல்லை, நிதானமாப் படி. ரெண்டாவது ஃபைல்ல, ஏத்தின லிஸ்ட்ல லூப் ஓடும்போதே, வந்த நம்பரை அதே லிஸ்ட்ல இருந்து ரிமூவ் பண்ணுத. 101, 102, 103, 104 நாலும் வந்தாச்சுன்னு வை. 101-ஐ எடுத்ததும் 102 முதல் இடத்துக்கு நகரும். லூப் ரெண்டாவது இடத்துக்குப் போய் 103-ஐப் பிடிக்கும். கடைசியில 102-ம் 104-ம் லிஸ்ட்ல நிக்கும். எரர் ஒண்ணும் வராது. "ரெண்டு மூட்டை காணோம்"னு கம்ப்யூட்டரே சொல்லிட்டுன்னு லாரி டிரைவர் அண்ணாச்சியைக் கேட்டுராதலே, பாவம். ஏத்தின லிஸ்டைத் தொடாத. வராததை எல்லாம் புது லிஸ்ட்ல சேரு.

நம்பர் கூடக்கூட லூப் இழுக்கும். ரெண்டு பக்கமும் பத்தாயிரம்னா மோசமான நிலையில பத்துக் கோடி ஒப்பீடு. இறங்கின லிஸ்டை செட்டுங்குத தொகுப்பா ஆக்கிட்டு, "இன்" போட்டு நம்பர் அதுல இருக்கான்னு கேளு, சட்டுனு முடியும். ஆனா செட்டுல ஒரே நம்பர் ரெண்டு தடவை நிக்காது. 102 தவறி ரெண்டு மூட்டையில ஒட்டி, ஒண்ணுதான் இறங்கிச்சுன்னா செட்டுக்குத் தெரியாது. அதுக்கு பைத்தானோட கலெக்ஷன்ஸ்ல இருக்க, எது எத்தனைன்னு எண்ணுத கவுண்டரை எடுத்து, ஏத்தினதுல இருந்து இறங்கினதைக் கழி.

எடையை ஒப்பிடுத இடத்துல, அச்சு அசலா சமமான்னு பாக்குத ரெண்டு சமக்குறி (==) வேண்டாம். 0.1-ம் 0.2-ம் கூட்டினா பைத்தான்ல 0.30000000000000004 வரும். பைத்தானோட மேத்ல இருக்க இஸ்குளோஸ் (isclose) போடு, கிட்டத்தட்ட சமமான்னு பாக்கும்; எவ்வளவு வித்தியாசம் போகலாம்னு சொல்லுத ஏபிஎஸ் டாலை (abs_tol) 0.05 கிலோ வை. ஜிப் வச்சு ரெண்டு லிஸ்டையும் வரிசையா ஜோடி சேக்கையா? சின்ன லிஸ்ட் முடிஞ்ச இடத்துல சத்தமில்லாம நின்னுரும். பைத்தான் 3.10-ஓ அதுக்கு மேலயோன்னா ஜிப்புல ஸ்டிரிக்ட்டை ட்ரூ ஆக்கு, நீளம் ஒவ்வாட்டா கத்தும்.

ஒரு சந்தேகம்: குடோன் நம்பரை ஃபைல்ல இருந்து அப்படியே வாசிக்கையோ? அப்படின்னா அது எழுத்து, எண் இல்லை. ரெண்டும் ஒருக்காலும் பொருந்தாது. வாசிக்கும்போதே இன்ட் போட்டு எண்ணா மாத்திரு.

மாத்திட்டு நாலு விதமா ஓட்டு: எல்லாம் வந்தது, ஒண்ணும் வராதது, ஒரே நம்பர் ரெண்டு தடவை, காலி லிஸ்ட். என்ன வருதுன்னு எழுது. எழுதும்போது சுகமான்னும் கேளு.

இப்படிக்கு,
கொக்கிரகுளத்தான்